சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய குளிசை

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று எந்த வைத்தியசாலையிலும் கிளினிக் நாளில் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களின் பையைப் பாருங்கள். பிரஷர் குளிசை, நீரிழிவுக் குளிசை, கொலஸ்ரோல் குளிசை ஆகியவற்றோடு பெரும்பாலும் ஒரு கப்சியூலும் இருக்கும். உறையில் ஒமிப்பிரசோல் என்று எழுதியிருக்கும். வீட்டில் அதைக் 'காஸ்ரிக் குளிசை' என்பார்கள். பிரஷர் குளிசையை நேரம் தவறாமல் போடுகிறவர்கள்கூட இதை மட்டும் நினைத்த நேரத்தில் போடுகிறார்கள். மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நின்று வேலை செய்கிறவன் என்ற முறையில் இது எனக்கு நீண்ட நாள் கவலை.

"இதை எப்போது போடுகிறீர்கள் அம்மா?" என்று கேட்டால் வரும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். "சாப்பிட்ட பிறகுதான் தம்பி, மற்றக் குளிசைகளோடு சேர்த்து. வெறும் வயிற்றில் மருந்து போட்டால் வயிறு புண்ணாகிவிடும் அல்லவா?"

அந்த அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நோவுக்குப் போடும் டைக்குளோபெனக், இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவற்றை வெறும் வயிற்றில் போட வேண்டாம் என்றுதான் நாங்களே சொல்கிறோம். ஆனால் ஒமிப்பிரசோலுக்கு அந்த விதி பொருந்தாது. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை முன்னதாக, வெறும் வயிற்றில், தண்ணீரோடு போட வேண்டிய மருந்து இது. சாப்பிட்ட பின் போட்டால் விஷமாகிவிடாது. ஆனால் அதன் வேலையில் ஒரு பங்கு வீணாகிவிடும். வீணாகும்போது "இந்த மருந்து எனக்குச் சரிவரவில்லை" என்று ஆள் நினைக்கிறார், வேறொரு கடையில் வேறொன்றை வாங்குகிறார், சிக்கல் அங்கே தொடங்குகிறது. ஏன் முன்னதாகப் போட வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால் இந்த மருந்தைப் பற்றிய மற்ற விதிகளில் பெரும்பாலானவையும் தாமாகவே விளங்கிவிடும். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரைப்பையில் அமிலம் சுரப்பது நோயல்ல. அங்கே சுரப்பது ஐதரோகுளோரிக் அமிலம். இறைச்சி, மீன், பருப்பு ஆகியவற்றின் புரதத்தை உடைக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. சாப்பாட்டோடும் தண்ணீரோடும் உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதியை அந்த அமிலம் கொன்றுவிடுகிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவும், மீனிலும் முட்டையிலும் உள்ள பி12 விற்றமின் பிரிந்து வெளியே வரவும் அது தேவை. இவ்வளவு வலுவான அமிலம் இரைப்பையின் சுவரைத் தின்றுவிடாமல் ஒரு சளிப்படலம் காக்கிறது. அமிலம் மேலேறி உணவுக்குழாய்க்குள் வந்தால் நெஞ்செரிவு. சளிப்படலம் பழுதடைந்து சுவர் அரிக்கப்பட்டால் புண். உறைப்பும், பட்டினியும், மன உளைச்சலும் எரிவைக் கூட்டலாம். ஆனால் இரைப்பைப் புண்ணுக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமி, அடுத்தது நோவு மாத்திரைகள். இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

அமிலத்தைச் சுரப்பவை இரைப்பைச் சுவரில் உள்ள சில சிறப்புக் கலங்கள். அந்தக் கலங்களுக்குள் அமிலத்தை வெளியே தள்ளும் மிக நுண்ணிய அமைப்புகள் உண்டு. மருத்துவத்தில் அவற்றுக்குப் பம்பு என்றே பெயர்; புரோத்தன் பம்பு. தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மெசினை நினைத்துக்கொள்ளுங்கள். இறைப்பு இல்லாத நேரத்தில் அது கொட்டிலுக்குள் கிடக்கும். இறைக்க வேண்டிய நேரம் வந்ததும் கிணற்றடிக்குக் கொண்டுவந்து வைத்து இயக்குவோம். இரைப்பையின் பம்புகளும் அப்படித்தான். வயிறு வெறுமையாக இருக்கும்போது பெரும்பாலானவை கலத்தின் உட்புறத்தில் ஓய்ந்து கிடக்கின்றன. சாப்பாடு வந்ததும் அவை கலத்தின் ஓரத்துக்கு நகர்ந்து வந்து இறைக்கத் தொடங்குகின்றன. ஒமிப்பிரசோலால் கொட்டிலில் கிடக்கும் மெசினை ஒன்றும் செய்ய முடியாது. கிணற்றடிக்கு வந்து ஓடிக்கொண்டிருக்கும் மெசினைத்தான் அதனால் நிறுத்த முடியும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்த மருந்து இரைப்பையின் உள்ளிருந்து நேரடியாக வேலை செய்வதில்லை. கப்சியூல் இரைப்பையைக் கடந்து சிறுகுடலுக்குப் போய், அங்கே கரைந்து, இரத்தத்தில் கலந்து, இரத்தத்தின் வழியாகத் திரும்பி வந்துதான் அந்தப் பம்புகளைப் பிடிக்கிறது. இதற்குச் சிறிது நேரம் வேண்டும். ஆனால் இரத்தத்தில் வந்த மருந்து நெடுநேரம் தங்காது. சுமார் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே மருந்து இரத்தத்தில் நிறைந்திருக்கும் நேரமும் பம்புகள் வெளியே வந்து இயங்கும் நேரமும் ஒன்றாகச் சந்திக்க வேண்டும். அரை மணித்தியாலம் முன்னதாகப் போட்டுவிட்டுப் பிறகு சாப்பிட்டால் இரண்டும் சந்திக்கும். சாப்பிட்டு முடித்துப் போட்டால், உணவு மருந்தைத் தாமதப்படுத்தும். அது வந்து சேர்வதற்குள் பம்புகள் இறைத்து முடித்துவிடும். போட்டுவிட்டுச் சாப்பிடாமலே வயலுக்குப் போனாலும் கதை அதேதான்: மருந்து வந்துவிடும், பம்புகள் வந்திரா.

மாட்டிக்கொண்ட பம்பு மறுபடி இயங்குவதில்லை. உடல் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும். அதனால்தான் மருந்து இரத்தத்தை விட்டுச் சீக்கிரம் போய்விட்டாலும் அதன் பயன் ஒரு நாள் முழுவதும் நிற்கிறது; ஒரு நாளைக்கு ஒரு தடவை போதுமென்று எழுதுவதும் அதனால்தான். ஆனால் முதல் நாளில் எல்லாப் பம்புகளும் வெளியே வருவதில்லை. மிஞ்சியவை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அகப்படும். முழுப் பயன் தெரிய மூன்று நான்கு நாட்கள் ஆகும். இன்று காலையில் போட்டுவிட்டு மத்தியானம் "ஒன்றும் குறையவில்லை" என்று சொல்லி இன்னொன்றைப் போடுகிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எரிவு வந்தவுடன் ஒன்று, வராத நாளில் ஒன்றுமில்லை என்று போடுவதற்கான மருந்து அல்ல இது. உடனடி ஆறுதலுக்கு அமிலத்தை அந்த இடத்திலேயே சமப்படுத்தும் சப்பும் குளிசைகளும் பாணி மருந்துகளும் உண்டு. அவை சில நிமிடங்களில் ஆற்றும், சில மணித்தியாலத்தில் தீர்ந்துபோகும். அவற்றையும் வைத்தியரிடம் கேட்டே, மற்ற மருந்துகளிலிருந்து இடைவெளி விட்டு எடுக்க வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம், ஏனென்றால் புத்தகத்தில் 'காலை உணவுக்கு முன்' என்று எழுதுகிறவர்கள் எட்டு மணிக்கு மேசையில் பாணும் சம்பலும் வைத்துச் சாப்பிடுகிற வீட்டை மனதில் வைத்து எழுதுகிறார்கள். காலபோக நேரத்தில் வன்னியில் விடிவதற்கு முன்பே ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வயலுக்கு இறங்குகிறவருக்குக் காலைச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கு வரப்பில்தான். அவர் ஐந்து மணிக்குத் தேநீரோடு கப்சியூலைப் போட்டால் பயன் குறையும். அவர் செய்ய வேண்டியது, கப்சியூலை அதன் தாளோடு வெட்டி எடுத்து, ஒரு சிறு மூடிப் போத்தலில் போட்டுக்கொண்டுபோய், சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்பதற்கு அரை மணித்தியாலம் முன்னதாகத் தண்ணீரோடு விழுங்குவது. வெயிலில் வரப்பில் வைக்க வேண்டாம். மர நிழலில், பைக்குள் இருக்கட்டும். முல்லைத்தீவுக் கரையில் இரவில் கடலுக்குப் போய் விடியலில் கரையேறி, மத்தியானம் வரை தூங்குகிறவருக்கு 'காலை' என்பது எழும்பிச் சாப்பிடும் அந்த நேரம்தான். மணிக்கூட்டைவிட முக்கியம், நீண்ட நேரம் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு முதலில் கிடைக்கும் முழுச் சாப்பாடு. பம்புகள் மிகுதியாக எழும்புவது அப்போதுதான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று எழுதியிருந்தால் மற்றது இராச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன். படுக்கைக்குப் போகும்போது அல்ல.

விரத நாட்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கந்த சஷ்டியில் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுகிறவர், அந்த ஒரு நேரத்துக்கு முன்னால் போடலாம். நோன்பு காலத்தில் இதை எப்படி மாற்றிக்கொள்வது என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு அரை மணித்தியாலம் முன்னதாக எழும்ப முடிந்தவர்களுக்கு அது சுலபம். ஆனால் இரைப்பைப் புண் இரத்தம் கசிந்து அண்மையில்தான் ஆறியவர் என்றால் விரதம் இருக்கலாமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். மருந்துக்கு நேரம் மாற்றுவது பிறகு.

கப்சியூலை எக்காரணம் கொண்டும் சப்பவோ நசுக்கவோ கூடாது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பொடி இருக்காது. சின்னஞ்சிறு வெள்ளை உருண்டைகள் இருக்கும். ஒவ்வொரு உருண்டைக்கும் மேலே ஒரு பூச்சு உண்டு. ஒமிப்பிரசோல் அமிலத்தில் கெட்டுப்போகும் தன்மையுள்ளது. அமிலத்தை அடக்கப் போகிற மருந்தே அமிலத்தில் அழிந்துபோகாமல் இரைப்பையைக் கடப்பதற்குத்தான் அந்தப் பூச்சு. உருண்டையை நசுக்கினால் மருந்து இரைப்பையிலேயே முடிந்துவிடும். விழுங்கச் சிரமப்படுகிற முதியவர்களுக்குக் கப்சியூலைத் திறந்து உருண்டைகளைச் சிறிது தண்ணீரிலோ ஒரு கரண்டி தயிரிலோ கலந்து, சப்பாமல் விழுங்கச் செய்து, மேலே தண்ணீர் கொடுக்கலாம். கலந்ததை வைத்திருந்து பிறகு கொடுக்கக் கூடாது. பாலில் கலக்க வேண்டாம். எல்லாக் கொம்பனிகளின் கப்சியூலும் ஒரே மாதிரி அல்ல என்பதால், திறப்பதற்கு முன் தந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரில் நேரும் விபத்து

பாதுகாப்பு என்று பேசும்போது நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். அரச வைத்தியசாலையில் ஒமிப்பிரசோல் கொடுத்திருப்பார்கள். இடையில் வயிறு எரிந்ததால் தனியார் வைத்தியரிடம் போனபோது அவர் வேறு பெயரில் ஒன்று எழுதியிருப்பார். மகன் கொழும்பிலிருந்து வரும்போது மூன்றாவதாக ஒன்று வாங்கி வந்திருப்பான். மூன்றும் மூன்று நிறம், மூன்று பெயர். ஆள் மூன்றையும் போடுவார். ஆனால் அவை ஒரே குடும்பத்து மருந்துகள். ஒமிப்பிரசோல், எசோமெப்பிரசோல், பன்ரோப்பிரசோல், லன்சோப்பிரசோல், ரபெப்பிரசோல் எல்லாம் அதே பம்பைப் பிடிப்பவை. கொம்பனி வைத்த பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். இந்த ஐந்தில் ஒன்றுக்கு மேல் உங்களிடம் இருந்தால் ஒன்றே போதும், எது என்று வைத்தியரைக் கேளுங்கள். மருந்தின் சொந்தப் பெயரால் எழுதவும் வழங்கவும் வேண்டும் என்று இந்த நாட்டில் விடாமல் வாதாடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர். வைத்தியசாலை உறையில் கொம்பனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரே இருப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். உங்கள் கையில் உள்ளது எது என்று தெரியவைப்பது அதுதான்.

சில கப்சியூல்களில் இந்த மருந்தோடு டொம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தும் சேர்ந்திருக்கும். அது சிலருக்கு, குறிப்பாக இதய நோயாளருக்கும் முதியவருக்கும், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. வைத்தியர் எழுதாமல் அதை வாங்காதீர்கள். ரனிற்றிடின் என்ற பழைய அமிலக் குளிசை வீட்டு அலுமாரியில் மிஞ்சிக் கிடந்தால் அதையும் போட வேண்டாம்; புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு மாசு அதில் உருவாவது தெரியவந்ததால் 2020 இல் பல நாடுகள் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டன.

மற்ற மருந்துகளோடு இது எப்படிப் பழகும் என்பதையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளோப்பிடோகிரல் என்ற குளிசையின் பயனை ஒமிப்பிரசோலும் எசோமெப்பிரசோலும் குறைத்துவிடலாம். இருவேறு கிளினிக்குகளில் மருந்து எடுக்கிறவர்களுக்கு இந்தச் சேர்க்கை கண்ணில் படாமலே போய்விடக்கூடும். அப்படி இரண்டும் உங்கள் பையில் இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாமல், இரண்டையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின், வலிப்புக்கான பெனிற்றோயின், மூட்டுவாதத்துக்கான மெதோற்றிரெக்சேற் ஆகியவை எடுப்பவர்களும் சொல்லிவிட வேண்டும். தைரொயிட்டுக் குளிசையும் இரும்புக் குளிசையும் உடலில் சேர்வது அமிலம் குறையும்போது குறையலாம். ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அளவைக் குறைத்தே கொடுப்பார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சித்த மருந்தோ நாட்டு மருந்தோ எடுத்தால் அதையும் மறைக்காதீர்கள். யாரும் ஏச மாட்டார்கள்.

நோவு மாத்திரைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வன்னியில் அவற்றின் பாவனை அதிகம் என்பதற்குக் காரணம் தெரியாதவர் இல்லை. போரில் காயப்பட்டு, உடம்பில் செல் துண்டுகளோடும், கால் இழந்த இடத்து நோவோடும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போய் முதுகு விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக இன்றைக்கு ஒரு குளிசை. இந்தக் குளிசைகள் நோவை உண்டாக்கும் பொருளை அடக்கும்போது, இரைப்பையின் சளிப்படலத்தைக் காக்கும் பொருளையும் சேர்த்தே அடக்கிவிடுகின்றன. அதனால் சாப்பிட்ட பின் போட்டாலும், ஏன் ஊசியாகப் போட்டாலும்கூட, புண் வரலாம். நீண்ட நாள் நோவு மாத்திரை தவிர்க்க முடியாதவர்களுக்கும், முதியவர்களுக்கும், முன்பு புண் வந்தவர்களுக்கும் வைத்தியர் ஒமிப்பிரசோலைத் துணையாக எழுதுவது இந்தக் காரணத்தால்தான். அவர்களுக்கு அது அநாவசியமான மருந்தல்ல, காவல்.

ஆனால் அந்தக் காவல் இரைப்பைக்கு மட்டுந்தான். அதே நோவு மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கும்போது ஒமிப்பிரசோல் ஒன்றும் செய்யாது. காரணம் முழுமையாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தோடு நிற்காமல் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் காணப்படுகிறது. வெயிலில் வியர்த்து, தண்ணீர் போதாமல் வேலை செய்துவிட்டு வந்து டைக்குளோபெனக் போடுவது சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. 'காஸ்ரிக் குளிசையும் சேர்த்துத்தானே போடுகிறேன்' என்ற நம்பிக்கையில் நோவு மாத்திரையை வருடக்கணக்கில் தொடர வேண்டாம். பரசிற்றமோல் போதுமா, வேறு வழி உண்டா என்று கேளுங்கள். மிக அரிதாக ஒமிப்பிரசோலே சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்குவதும் உண்டு. மருந்து தொடங்கிய பின் சிறுநீர் குறைந்தாலோ, சிறுநீரில் இரத்தம் போனாலோ, காய்ச்சலும் தோல் தடிப்பும் வந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

எத்தனை நாளைக்கு

நெஞ்செரிவுக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் வழக்கமாக நான்கு முதல் எட்டு வாரங்கள். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என்பது பலருக்கும் எழுதப்படும் அளவு, சிலருக்கு 40. கிருமிக்கான சிகிச்சை என்றால் இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளோடு சேர்த்து, இதை நாளொன்றுக்கு இரண்டு தடவையாக, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்குத் தருவார்கள். அந்தக் கிருமியின் கதை தெரிந்துகொள்ள வேண்டியது. புண் என்பது கவலையாலும் உறைப்பாலும் வருவது என்று உலகமே நம்பிய காலத்தில், அவுஸ்திரேலிய வைத்தியர் பரி மார்ஷல் 1984 இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துத் தன் இரைப்பையில் அழற்சி வருவதைக் காட்டினார். அவருக்கும் ரொபின் வொறனுக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. இதனால் நமக்கு என்ன? கிருமி காரணமாயிருந்தால் அதை ஒழிக்காமல் அமிலத்தை மட்டும் அடக்கினால் புண் ஆறும், பிறகு திரும்பி வரும். நுண்ணுயிர்க்கொல்லிகளை நாலு நாள் போட்டு எரிவு நின்றதும் மிச்சத்தை வைத்துவிடுகிறவர்களுக்கு அதுதான் நடக்கிறது. இன்னொன்று: அந்தக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ போவதானால் அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒமிப்பிரசோலை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

சொன்ன காலம் முடிந்தும் இந்த மருந்து கிளினிக் கொப்பியில் மாதாமாதம் தொடர்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் பழைய மருந்து அப்படியே திரும்ப எழுதப்படுவது இயல்பு. கேட்க வேண்டியது நீங்கள்தான்: "ஐயா, இந்தக் கப்சியூல் எனக்கு எதற்காக? இன்னும் எவ்வளவு காலம்?" நியாயமான காரணத்தோடு வருடக்கணக்கில் எடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். முன்பு புண்ணிலிருந்து இரத்தம் கசிந்து, இப்போது இதயத்துக்காக அஸ்பிரின் எடுக்கிறவர் அதில் ஒருவர். அவர் நிறுத்தக் கூடாது. காரணமே யாருக்கும் நினைவில்லாத நிலையில் தொடர்கிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

குறுகிய காலத்துக்கு எடுக்கும்போது தலையிடி, வயிற்றோட்டம், மலச்சிக்கல், வாய்வு ஆகியவை சிலருக்கு வரும். பெரும்பாலும் தாமாகவே போய்விடும். நீண்ட காலம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை வேறு. இரத்தத்தில் மக்னீசியம் குறையலாம். கை கால் இழுப்பு, நடுக்கம், படபடப்பு என்று அது வெளியே தெரியும். பி12 குறையலாம். நீரிழிவுக்கு மெற்போமின் எடுக்கிறவர்கள் இதை விசேடமாக நினைவில் வைக்க வேண்டும், ஏனென்றால் மெற்போமினும் பி12 ஐக் குறைக்கும். கால் விறைப்பும் சோர்வும் வந்தால் எல்லாவற்றையும் 'சலரோகம்' என்று தள்ளிவிடாமல் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நீண்ட காலம் அதிக அளவில் எடுக்கும் முதியவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்புச் சற்றுக் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அமிலம் கிருமிகளைக் கொல்லும் காவல் என்று முன்பு சொன்னேன் அல்லவா. அது குறைந்தால் வயிற்றுக்குள் போகும் கிருமிகள் தப்பிப் பிழைக்கும். மாரி மழையில் வெள்ளம் கிணறுகளுக்குள் இறங்கும் மாதங்களில், இந்த மருந்து எடுக்கிறவர்கள் தண்ணீரைக் கட்டாயம் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். நிற்காத வயிற்றோட்டம் வந்தால் இந்த மருந்து எடுப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல வாரங்கள் அடக்கி வைத்த பம்புகள், மருந்தை ஒரேயடியாக விட்டதும் முன்னைவிட அதிகமாக இறைக்கும். இரண்டு வாரத்துக்கு, சிலருக்கு அதற்கு மேலும், எரிவு கூடும். 'நோய் திரும்பிவிட்டது' என்று நினைத்து மறுபடி தொடங்குவார்கள். அது நோயல்ல, உடல் பழைய நிலைக்குத் திரும்பும் வழி. வைத்தியர் அளவைக் குறைத்தோ, ஒன்றுவிட்டொரு நாள் கொடுத்தோ, இடைக்காலத்துக்கு வேறொரு மருந்து தந்தோ மெல்ல நிறுத்த வைப்பார். இராச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்து, படுக்க இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவெளி விடுவதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்துவதும், புகையையும் சாராயத்தையும் விடுவதும் நெஞ்செரிவுக்காரருக்கு அப்போது மிகவும் கைகொடுக்கும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் நோவு, குளிர் வியர்வை, மூச்சுத் திணறல். இவற்றை வாய்வு என்று எண்ணிக் கப்சியூலும் இஞ்சித் தேநீரும் குடித்துக்கொண்டு விடியும் வரை காத்திருந்து உயிர் போனவர்கள் நம்மிடையே உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்செரிவு போலவே வரலாம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த நோயாளர் வண்டிக்குக் காசு இல்லை. ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளி, வண்டி வந்து சேர நேரமெடுக்கும் கிராமங்களில் இருப்பவர்கள் இன்னும் விரைவாக முடிவெடுக்க வேண்டும். தூரம் கூடக் கூட, வீட்டில் வைத்துப் பார்க்கும் நேரம் குறைய வேண்டும்.

மலம் தார் போலக் கறுத்து ஒட்டும் தன்மையோடு போனால், வாந்தியில் இரத்தமோ காப்பித் தூள் போன்றதோ வந்தால், அதுவும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய விடயம். இரும்புக் குளிசையாலும் மலம் கறுக்கும். ஆனால் அதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். விழுங்கும்போது சோறு தடைப்படுவது, காரணமின்றி உடல் மெலிவது, இரத்தச்சோகை, நிற்காத வாந்தி, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் வயிற்றெரிவு ஆகியவை இருந்தால் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை தேவைப்படலாம். ஒமிப்பிரசோல் இரைப்பைப் புற்றுநோயின் எரிவைக்கூடத் தணித்துவிடக்கூடியது. தணிந்துவிட்டது என்று மாதக்கணக்கில் கடையிலேயே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்க வேண்டிய காலம் கடந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகமாக்கியது என்று அவருடைய கப்சியூலை வாங்கிப் போடுவதிலும் இதே ஆபத்துத்தான் இருக்கிறது.

காலையில் போட மறந்தால், நினைவு வந்தபின் அடுத்த சாப்பாட்டுக்கு முன்னால் போடலாம். அடுத்த நாள் நேரம் நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகப் போட வேண்டாம். வைத்திருக்கும் இடம் முக்கியம். தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கை ஏறும் தட்டிலும், அடுப்படியிலும், யன்னல் ஓரத்திலும் இந்த மருந்து கெட்டுவிடும். ஈரம் பட்டாலும் அப்படித்தான். வீட்டில் குளிர்ச்சியான, இருட்டான மூலையில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எல்லாக் கப்சியூல்களையும் தாளிலிருந்து உடைத்து ஒரு போத்தலில் சேர்த்து வைக்காமல், போடும்போது ஒவ்வொன்றாக எடுங்கள். கப்சியூல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, உள்ளிருக்கும் வெள்ளை உருண்டைகள் பழுப்பாக மாறியிருந்தாலோ, காலாவதித் திகதி கடந்திருந்தாலோ அவற்றைப் போட வேண்டாம். அடுத்த தவணை வரை காத்திராமல் கொண்டுவந்து யன்னலில் காட்டுங்கள்.